சூடு ஆறாத கட்டில்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. ஆனால் இதைப் படிக்கும்போது தயவுசெய்து எதையும் தின்றுகொண்டிருக்காதீர்கள். பயம் பிறகுதான் வரும். முதலில் வருவது குமட்டல். எனக்கு அப்படித்தான் நடந்தது.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம். அடுத்தவர் வாய் வைத்த டம்ளரைத் தொடமாட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் தும்மினால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்துவிடுவேன். கதவுக் கைப்பிடியைக் கூட முழங்கையால்தான் திருப்புவேன். வீட்டில் அக்கா எனக்கு வைத்த பட்டப்பெயர் 'ஆஸ்பத்திரி'. எங்கே பார்த்தாலும் கை கழுவிக்கொண்டே நிற்பேன் என்பதால்.

இப்படிப்பட்டவனுக்குப் பெரிய நகரத்துக் கல்லூரியில் இடம் கிடைத்தது. விடுதியில் இடம் இல்லை. அப்பா முடியவே முடியாது என்றார். பெரியம்மா மகன், எனக்கு மூன்று வயது மூத்தவன், அதே நகரத்தில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை பார்த்துவந்தான். கடைசியில் அவனை வைத்துத்தான் பஞ்சாயத்து முடிந்தது.

"அண்ணன்கூட ஒரே வீட்ல இருக்கறதா இருந்தா போ. அவன் உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொன்னான், அன்னிக்கே மூட்டை கட்டிடணும். படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றார் அப்பா.

ஆக, என் படிப்பு அண்ணனின் வாயில் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அத்தனை அசிங்கத்தையும் வாய்மூடிச் சகித்துக்கொண்டதற்கு இது ஒன்றுதான் காரணம்.

வீடு தேடிய கதையை விரிவாகச் சொன்னால் உங்களுக்கே தலை சுற்றும். தரகர் இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்தோடு முன்னால் நடப்பார். நாங்கள் பின்னால். ஒரு வீட்டில் சமையல் மேடைக்கு எதிரே கழிப்பறை, நடுவில் ஒரு துணித் திரை மட்டும். இன்னொரு வீட்டில் முன்பு இருந்தவருடைய பல் துலக்கும் பிரஷ் கண்ணாடிக்கு முன்னால் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அடுத்ததில் சுவர் முழுக்க அடித்துக் கொன்ற கொசுக்கள், ரத்தத்தோடு. நல்ல வீடாக இருந்தால் வீட்டுக்காரர் சரியில்லை. படிக்கிற பசங்களா என்று கேட்டுவிட்டுக் கதவை மூடிவிடுவார்.

"உன் மூஞ்சி போற போக்கப் பாத்தா எந்த வீட்டுக்காரன்டா குடுப்பான்? கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சுக்கோ" என்று அண்ணன் கிண்டல் செய்தான்.

அப்போதுதான் அந்த வீடு வந்தது. மூன்றாவது மாடி. ஒரு அறை, ஒரு சின்னச் சமையலறை, ஒரு குளியலறை. கீழே ஒரு மருந்துக்கடை. சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். தரை பளிச்சென்று இருந்தது. அறையில் சுவரை ஒட்டி ஒரு இரும்புக் கட்டில், அதன் மேல் மெத்தை. வீட்டுக்காரர் ஒல்லியான மனிதர். எங்களை ஏற இறங்கப் பார்த்தார். எங்களைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

"எப்ப வர்றீங்க?" என்றார். அவ்வளவுதான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அண்ணனுக்கு இரவு வேலை. காலை எட்டு மணிக்கு வருவான், மாலை ஆறு மணிக்குப் போய்விடுவான். நான் காலை ஏழு மணிக்குக் கல்லூரிக்குக் கிளம்புவேன். மாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. வீடு திரும்ப ஒன்பதரை ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கூடுதல் வேலை உண்டு. ஒரே வீட்டில் இருந்தும் பார்த்துக்கொள்ளவே மாட்டோம். எல்லாம் போனில் மெசேஜ்தான். அதனால் ஒரே கட்டில் போதும் என்று முடிவு செய்தோம். பகலில் அவன். இரவில் நான்.

எனக்கு இது பிடித்ததா என்று கேட்காதீர்கள். அவனுக்குப் பச்சை விரிப்பு, எனக்கு நீல விரிப்பு என்று வாங்கினேன். தலையணை உறையும் தனித்தனி. இரவு வந்ததும் அவன் விரிப்பை இரண்டு விரலால் எடுத்து மூலையில் போட்டுவிட்டு என்னுடையதை விரிப்பேன். கூடப் பிறந்தவன் மாதிரிதான், ஆனாலும் வியர்வை வியர்வைதானே.

முதலில் கவனித்தது சூடு.

இரவு ஒன்பது நாற்பதுக்குக் கட்டிலில் கை வைத்தால் மெத்தை வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. அண்ணன் ஆறு மணிக்கே போயிருப்பான். மேற்குச் சுவர், வெயில் வாங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. மூன்று நாளும் மெத்தை சூடாகத்தான் இருந்தது.

அடுத்தது ஈரம். விரிப்பின் நடுவில் கைக்குப் பிசுபிசுத்தது. தலையணையில் மஞ்சளாக ஒரு கறை, காய்ந்து பசை மாதிரி மொடமொடவென்று இருந்தது. பிறகு துகள்கள். சாம்பல் நிறத்தில், மெல்லியதாக. ஊதினால் பறந்தது. விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். தோல். மனிதத் தோல். அன்றைக்கு இரண்டு முறை குளித்தேன்.

அப்புறம் அந்த நாற்றம். பூ ஜாடியில் தண்ணீர் மாற்றாமல் பல நாள் விட்டால் ஒரு வாடை வருமே, அது. அதோடு ஏதோ மருந்து வாடையும். சமையலறைக் குப்பைக்கூடையைத் திறந்தபோது விஷயம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். உள்ளே பஞ்சு உருண்டைகள். பச்சையும் மஞ்சளுமாகச் சீழ் தோய்ந்து கிடந்தன. பக்கத்தில் பிதுக்கித் தீர்த்த ஒரு களிம்புக் குழாய்.

அண்ணனுக்கு ஏதோ தோல் வியாதி. என்னிடம் மறைக்கிறான். மறைத்துக்கொண்டு, நான் படுக்கும் கட்டிலிலேயே படுத்துப் புரள்கிறான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் எப்படிக் கேட்பது? அவன் கோபித்துக்கொண்டு அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் என் கதை முடிந்தது. சுற்றி வளைத்து ஒரு மெசேஜ் அனுப்பினேன்.

"அண்ணா, மெத்தையைக் கொஞ்சம் வெயில்ல போடேன்."

பதில் வந்தது. "சரிடா. நீ உடம்பைப் பாத்துக்கோ. எதுக்கும் வெக்கப்படாத."

என் உடம்புக்கு என்ன கேடு? திமிரைப் பாருங்கள் என்று பல்லைக் கடித்தேன். மெத்தை மேல் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை வாங்கிப் போட்டு, அதன் மேல் என் நீல விரிப்பைப் போட்டுப் படுத்தேன். காலையில் எழுந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. ஈரம் மேலே இருந்தது. பிளாஸ்டிக்குக்குக் கீழே இல்லை. நான் படுத்த பிறகு வந்த ஈரம் அது. இதை அப்போது யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்.

விழிப்பு வந்தது. போனைப் பார்த்தேன். மணி இரண்டு பத்து. போனை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். முகம் சுவர் பக்கம். மூக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருக்கும்.

முகத்தில் சூடான மூச்சு அடித்தது.

என் மூச்சுதான் சுவரில் பட்டுத் திரும்புகிறது என்று நினைத்தேன். நாற்றம் அடித்தது. அதே பூ ஜாடி நாற்றம். சோதித்துப் பார்க்கலாம் என்று என் மூச்சை அடக்கினேன்.

அது நிற்கவில்லை.

உஸ்... உஸ்...

சளி கட்டிய மூச்சு. என் முகத்துக்கு எதிரே. அந்த ஒரு சாண் இடத்தில்.

கட்டிலிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. சமையலறையில் விளக்கைப் போட்டு, கதவைச் சாத்தி, அடுப்பு மேடைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டேன். உள்ளே அறையில் சர்... சர்... என்று ஏதோ தேய்ந்தது. விரிப்பின் மேல் தோல் உரசுகிற மாதிரி. விடியும்வரை விட்டு விட்டு வந்தது.

வெளிச்சம் வந்த பிறகு எல்லாம் கனவு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அறைக்குள் போய் கட்டில் பக்கம் திரும்பாமல் பையை எடுத்தேன். ஆறே முக்காலுக்கு அப்பாவிடமிருந்து போன்.

"உடம்புக்கு முடியலன்னா ஏன்டா எங்ககிட்ட சொல்லல?"

"எனக்கென்னப்பா? நல்லாத்தான் இருக்கேன்."

"மறைக்காத. காலேஜுக்கே போகாம படுத்தே கெடக்கறியாமே. அண்ணன் சொல்லிட்டான். நாளைக்கு நான் அங்க வர்றேன். மூட்டை கட்டி வை."

எனக்கு வந்த கோபத்தில் ராத்திரி நடந்ததே மறந்துவிட்டது. வியாதியை என் கட்டிலில் தேய்த்ததும் இல்லாமல், என் மேல் இப்படி ஒரு பழியா? நேராகக் கிடங்குக்குப் போனேன். வேலை முடிந்து அண்ணன் வாசலுக்கு வந்தான். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து என் தோளைப் பிடித்தான்.

"டேய், இந்த நிலைமையில ஏன்டா எழுந்து வந்த?"

கையைத் தட்டிவிட்டேன். எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் என்னைப் பிடித்து உட்கார வைத்தான்.

"நான் காலேஜ் போறதில்லன்னு அப்பாகிட்ட சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். எத்தனை நாள்டா மறைக்கறது? நான் காலையில வர்றப்பல்லாம் நீ போத்திட்டுப் படுத்துதான கெடக்கற."

"ஏழு மணிக்கே நான் கிளம்பிடறேன்!"

"என்கிட்டயே பொய் சொல்றியா?"

"நீதான் பொய் சொல்ற. உனக்குத்தான் வியாதி. கட்டில் பூரா சீழு, தோலு... எனக்குக் குமட்டிக்கிட்டு வருது. இத்தனை நாள் வாயத் திறந்தேனா?"

அண்ணன் என்னையே பார்த்தான். கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான்.

"நான் அந்தக் கட்டில்ல படுத்தே ரெண்டு வாரம் ஆச்சுடா. நீ படுத்திருக்க, நான் எங்க படுக்கறது? கிடங்குலயே அட்டைப்பெட்டி மேலதான் தூங்கறேன். காலையில வந்து உன்னைப் பாத்துட்டு, குளிச்சுட்டுத் திரும்பிடுவேன்."

"பாத்துட்டுன்னா?"

"புரட்டி விடுன்னு நீதான கேட்ட?" அவன் குரல் இறங்கியது. "ரெண்டு கையாலயும் புடிச்சுப் புரட்டி விட்டேன். முதுகு பூரா புண்ணு. துடைச்சுக் களிம்பு போட்டேன். இங்க முதலுதவிப் பெட்டியில இருந்து எடுத்துட்டு வந்து, தினமும்தான் போடறேன். உனக்கிருக்கற அருவருப்புக்கு நீயே பாத்துக்க மாட்டேன்னு தெரியும். வெளிய சொன்னா வெக்கப்படுவன்னுதான் பேச்சே எடுக்கல."

நான் எழுந்தேன். அந்தத் தெருவிலேயே சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினேன்.

அவன் கை என் முதுகில் பட்டது. மேலிருந்து கீழே தடவிப் பார்த்தது. ஒரு கொப்புளம் கூட இல்லை.

"மூஞ்சியப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"இல்ல... சுவரு பக்கம் திரும்பி... தலையோட போத்திட்டு இருந்துச்சு."

அண்ணன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தான். பிறகு டீக்கடை வாளித் தண்ணீரில் அவற்றை முக்கினான். தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான். எப்போதும் அப்படிக் கை கழுவுகிறவன் நான்.

என் சான்றிதழ்கள் எல்லாம் வீட்டில் இருந்தன. போகாமல் முடியாது. பட்டப்பகல்தானே என்றான் அண்ணன். சேர்ந்தே போனோம்.

மணி எட்டு இருபது. கதவைத் திறந்தான்.

நாற்றம் ஒரு ஈரத் துணி மாதிரி முகத்தில் அப்பியது.

ஜன்னல் திரை மூடியிருந்தது. அரை வெளிச்சம்.

கட்டிலில் ஒரு ஆள்.

சுவர் பக்கம் திரும்பி. முழங்கால் மடக்கி. தலையோடு போர்த்தி.

என் நீல விரிப்பு.

அது ஏறியது... இறங்கியது... ஏறியது...

அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தான். எலும்பு வலித்தது.

விரிப்புக்குள் தலை மெல்ல அசைந்தது.

"யாரு...?"

சளி உருளும் குரல்.

"பகல் ஆளா...? ராத்திரி ஆளா...?"

நாங்கள் மூச்சு விடவில்லை.

"யாராவது ஒருத்தர்... புரட்டுங்க..."

விரிப்பின் ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. மெத்தையில் ஊன்றியது. எழ முயன்றது.

கை மேலே வந்தது. தோல் மெத்தையிலேயே தங்கிவிட்டது.

ஓடினோம்.

மத்தியானம் தரகரை இழுத்துக்கொண்டுதான் திரும்பப் போனோம். கட்டில் காலியாக இருந்தது. விரிப்பு சுருக்கமில்லாமல் கிடந்தது. தரகர் எங்களைப் பார்த்த பார்வையே சரியில்லை. நான் சான்றிதழ்களையும் புத்தகங்களையும் அள்ளிக்கொண்டேன். அண்ணன் மட்டும் கட்டில் பக்கம் போனான். "நான் தொட்டது என்னன்னு எனக்குத் தெரியணும்" என்று சொல்லி, பிளாஸ்டிக்கை உருவிப் போட்டுவிட்டு மெத்தையைப் புரட்டினான்.

அடிப்பக்கத்தில் ஒரு மனிதன் இருந்தான். அதாவது, மனிதனுடைய கறை. தோள், இடுப்பு, மடக்கிய முழங்கால் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. நடுவில் கறுப்பு, ஓரத்தில் மஞ்சள். ஊறி ஊறித் தடித்துப் போயிருந்தது. அந்த மெத்தையைத் தூக்கி எறியாமல் திருப்பிப் போட்டு எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதன் மறுபக்கத்தில் கன்னத்தை வைத்து நான் தூங்கியிருக்கிறேன். குளியலறைக்குப் போகக்கூட நேரமில்லை. அங்கேயே வாந்தி எடுத்தேன். தரகர் மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

அன்றிரவே அண்ணன் அப்பாவுக்குப் போன் செய்தான். "சித்தப்பா, அவனுக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். நல்லாத்தான் படிக்கறான்" என்றான். அப்பா எங்கள் இருவரையும் ஒரு மணி நேரம் திட்டிவிட்டு மனமிறங்கினார். என் படிப்பு தப்பித்தது. நகரத்தின் மறுகோடியில் வேறு வீடு பார்த்தோம். கட்டிலே வாங்கவில்லை. ஆளுக்கொரு பாய்தான்.

ஐந்தாறு மாதம் கழித்து, வேறொரு வேலையாக அந்தத் தெரு வழியாகப் போனேன். மருந்துக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார்.

"மூணாவது மாடியில இருந்த தம்பிதான நீ? ஏன் சொல்லாம கொள்ளாம காலி பண்ணிட்டீங்க?"

நான் மழுப்பினேன். அவருக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும் போல.

"அந்த வீட்டுக்காரரோட அப்பா நாலு வருஷம் படுத்த படுக்கைப்பா. ரெண்டு பையனுங்க. மூத்தவர், அதான் உங்க வீட்டுக்காரர், பகல்ல பாத்துக்கணும், இளையவர் ராத்திரி பாத்துக்கணும்னு ஏற்பாடு. ஆனா அண்ணன் தம்பிக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது. அவன் புரட்டிருப்பான்னு இவன் விட்டுடுவான். இவன் துடைச்சிருப்பான்னு அவன் விட்டுடுவான். கடைசியில டாக்டர் வந்து பாத்துட்டு, உயிர் போயி மூணு நாள் ஆச்சுன்னாரு. அந்த மூணு நாளும் ரெண்டு பேரும் வந்து, தலைமாட்டுல தண்ணி வெச்சுட்டுப் போயிருக்கானுங்க."

கிளம்பப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"அப்புறம் மூத்தவருக்கு மூளை கொஞ்சம் குழம்பிடுச்சு, பாவம். வாடகைக்கு விடறப்ப தரகர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாராம். பகல்ல வீட்ல இருக்கற மாதிரி ஒரு ஆளு, ராத்திரி இருக்கற மாதிரி ஒரு ஆளு. அப்படி ஜோடியா வந்தாத்தான் குடுப்பேன்னு எட்டு மாசம் வீட்டச் சும்மாவே போட்டு வெச்சிருந்தாரு."

அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"போன வாரம் கூட இங்க வந்தாரு. உங்களைத்தான் கேட்டாரு."

"எங்களையா?"

"உன்னை இல்ல. 'சின்னவன் மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுச் சும்மா படுத்துக் கெடந்தான். பெரியவன்தான் தங்கமான புள்ள. அப்பாவைப் புரட்டி, துடைச்சு, மருந்தெல்லாம் போட்டான். அப்பா அவனைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு. அவன் இப்ப எங்க இருக்கான்?' அப்படின்னாரு. எதையோ உளறுறாரு, பாவம்."

அண்ணன் துடைத்து மருந்து போட்ட விஷயத்தை டீக்கடை பெஞ்சில் அவன் சொன்னான், நான் கேட்டேன். வேறு யாரிடமும், என் அப்பாவிடம் கூட, நாங்கள் சொன்னதில்லை.

"ஆமா, இப்ப எங்கப்பா இருக்கீங்க ரெண்டு பேரும்?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

வாயில் வந்த ஏதோ ஒரு தெருவின் பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.